கவந்தி தைக்கும் கைகள்

தார்வாடில் ஆசிரியராக இருக்கும் என் நண்பர், பழந்துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கும் கலையை நேரில் காணவேண்டுமென்று நான் வெகுகாலமாகச் சொல்லிவந்ததை மறவாமல், சென்ற மழைக்காலத்தின் முடிவில் என்னை வரவழைத்து எல்லாப்பூருக்கு அழைத்துப்போனார். ஹூப்ளியிலிருந்து அங்கோலாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்கு மலைத்தொடரின் அடர்ந்த கானகத்துக்கு நடுவே இருக்கிறது அவ்வூர். ஆப்பிரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவந்தவர்களில் தப்பியோடி வனத்தில் அடைக்கலம் புகுந்தவர்களின் சந்ததியார், சித்தி மக்கள் என்ற பெயருடன் எல்லாப்பூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வசிக்கிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மதத்தால் பிரிந்திருப்பினும், வீட்டுக் கந்தல்களைக் கொண்டு கவந்தி என்னும் ஒட்டுப்போர்வை தைப்பதில் அவர்களுடைய ஸ்திரீகள் அனைவரும் ஒரே குலம்.

நாங்கள் போய் இறங்கிய வீட்டுத் திண்ணையில், ஐம்பது பிராயத்தைக் கடந்த ஓர் அம்மாள் பழஞ்சேலையொன்றை விரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நண்பர் அவரை அக்கா என்று அழைக்கவே நானும் அவ்விதமே அழைத்தேன். அளவு குறித்த படமோ, துணியை இழுத்துக் கட்டும் சட்டமோ, உள்ளே வைக்கும் பஞ்சோ இல்லாமல், சேலையின் ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவது அவர்களுடைய முறை. ஒட்டுத் துணியை வைப்பதும் தைப்பதும் ஒரே காரியமாக நடக்கின்றன. அடுத்த துணி இன்னதென்று ஊசி அதன் அருகே வந்த பிறகுதான் தீர்மானமாகிறது.

அன்று அவர் கையில் இருந்தது, மகன் போட்டுக் கழித்த டீ சர்ட்டின் ஒரு துண்டு. பின்னல் துணியாகையால் வெட்டிய மாத்திரத்தில் அதன் ஓரம் சுருண்டுகொள்ளும். சேலைத் துண்டைப்போல நகத்தால் கீறிவிட்டால் மடிப்பு நிற்பதில்லை. இழுத்துத் தைத்தாலோ பிற்பாடு அது தன் அளவுக்குத் திரும்பிச் சுற்றியுள்ள துணியையெல்லாம் சுருக்கிவிடும். அக்கா விரல்நுனியை நீரில் தொட்டு அந்த ஓரத்தை நீவி, இடது உள்ளங்கையைத் தட்டையாக அதன்மேல் வைத்து, துணிக்குத் தான் கைவைத்திருப்பதே தெரியக்கூடாது என்பவர்போல, தடித்த வெள்ளை நூலைச் சிறு சிறு தையலாக ஓடவிட்டார். கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டேன். "அம்மா தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

உள்ளேயிருந்து அவர் கொணர்ந்து விரித்த பழைய கவந்தியொன்றில், வெளிறிய நீலநிறப் பனியன் துணி ஒன்று மற்ற ஒட்டுகளைவிடப் பெரிதாக, இலக்கத்தின் அடையாளம் மங்கலாகத் தெரிய, நடுவில் இருந்தது. அது அவருடைய தம்பியின் சட்டை. இந்திய விளையாட்டு ஆணையம் 1987இல் சித்திச் சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்துத் தடகளப் பயிற்சி அளிக்கத் தொடங்கியபோது அந்தப் பையனும் சேர்ந்தான். அவர்களில் சிலர் பதக்கங்கள் பெற்றும், 1993இல் திட்டமே நிறுத்தப்பட்டது. ஓடப் பழகிய கால்களோடு ஊர் திரும்பியவன் மரவேலைக்கும் தோட்டக் கூலிக்கும் போனான். "நைந்துபோகிறவரையில் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தான். எறியச் சொன்னான்; நான் எடுத்து வைத்துக்கொண்டேன்" என்று சொல்லி, தையல் விட்டிருந்த ஓரிடத்தை அக்கா விரலால் தடவினார்.

அமெரிக்கக் கலை வரலாற்று அறிஞர் ஹென்றி ட்ரூவல் முதலானோர் முயற்சியால் 2004இல் இப்பெண்களுக்கென்று ஒரு கூட்டுறவு ஏற்பட்டதும், இவர்களுடைய கவந்திகள் நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியிலுள்ள ஷோம்பர்க் ஆய்வு மையத்துச் சுவர்களை அலங்கரித்ததும் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் கூட்டுறவின் கை எட்டாத வீடுகளுக்குத் தரகர் வருகிறார். புதுத்துணி மூட்டையை இறக்கி, இன்ன நிறத்துக்குப் பக்கத்தில் இன்ன நிறம் என்று கட்டளையிட்டு, தையற்கூலியைத் தாமே நிர்ணயித்துக் கொடுத்துவிட்டு, பட்டணத்தில் என்ன விலைக்கு விற்றதென்பதை மட்டும் சொல்லாமல் போகிறார். ஒரு மழைக்காலத்து ஓய்வையெல்லாம் விழுங்கி, கண்ணின் ஒளியையும் கூலியாகக் கேட்கும் வேலைக்கு, அதைச் செய்தவள் விலை சொல்ல முடியாத வியாபாரம் என்ன வியாபாரம்? அவளுடைய இனத்தின் பெயரைச் சீட்டில் அச்சிட்டு ஒட்டுகிறவர்கள், விற்ற தொகையையும் அதே சீட்டில் எழுதி அவள் கையில் கொடுக்கட்டும். பிறகு தர்மத்தைப் பற்றியும் கலையின் பெருமையைப் பற்றியும் பேசலாம்.

நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்துத் தைக்கும் பூவுக்கு ஃபுலா என்று பெயர். அது இல்லாத கவந்தி ஆடையில்லாத உடம்பு என்கிறார்கள். நண்பரின் தங்கைக்கு மார்கழியில் பிரசவம். குழந்தைக்கு ஒரு சிறு கவந்தி தைத்துத் தரவேண்டும் என்று கேட்டோம். விலையை அக்காவே சொன்னார், அதை அப்படியே கொடுத்தோம். துணி வாங்கி அனுப்பவா என்று நண்பர் விசாரித்ததற்கு, "புதுசு வேண்டாம். உங்கள் அம்மாவின் சேலை ஒன்று, அப்பாவின் வேட்டி, பிள்ளைகள் போட்டுக் கழித்த சட்டைகள், இவற்றை அனுப்புங்கள். டீ சர்ட் இருந்தால் துவைத்து அனுப்புங்கள், கஞ்சி மட்டும் போடாதீர்கள்" என்றார்.