நிலைமொழியும் வருமொழியும்

கணிப்பொறியைப் பற்றி எழுதத் தமிழாசிரியருக்கு என்ன தகுதி என்று மாணவர்கள் கேட்கக்கூடும். பொருந்தாத கருவியொன்றை விலைகொடுத்து வாங்கிய தகுதி நமக்கு உண்டு.

2014-ஆம் ஆண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவர் பச்சைத் துணியில் சுற்றிய குறிப்பேடொன்றுடன் நம் துறைக்கு வந்தார். அவர்தம் தாயார் கைப்பட எழுதிவைத்த தாலாட்டுகள், 96 பக்கங்கள், அத்தனையும் அரபுத் தமிழ். தமிழ்மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறை அது என்பதை இளையோருக்காகச் சொல்லிவைக்கிறோம். "உம்மா நினைவா இதை என் மகள் கேட்கிறாள், தம்பி. வர்ற வெள்ளிக்கிழமை அவள் வெளிநாடு போகிறாள். அதுக்குள்ளே படி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஏழு நாள் தவணை.

ஒளிநகல் எடுத்துப் பார்த்தோம். மை மங்கியிருந்தமையால் புள்ளிகள் பாதி விழவில்லை. அரபு எழுத்தில் ஓரெழுத்தை மற்றோரெழுத்தினின்று பிரித்துக் காட்டுவன பெரும்பாலும் புள்ளிகளே. அவை போனால் பாட்டும் போயிற்று. நல்லதொரு வருடி, அதாவது ஸ்கேனர், வேண்டும் எனத் துணிந்து அன்று மாலையே கடைக்குச் சென்றோம். அங்குலத்துக்கு 4800 புள்ளிகள் என்று பெட்டியின் நெற்றியில் பெரிதாகப் பொறித்திருந்தது. பழைய இருப்பு என்று விலையிலும் தள்ளுபடி தந்தார்கள். புள்ளிக்காகவே அலைந்த நமக்கு வேறென்ன வேண்டும்? மகிழ்ந்து வாங்கிவந்தோம்.

பெட்டியின் பக்கவாட்டில் கடுகளவு எழுத்தில் வேறொன்றும் இருந்தது: விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் விஸ்டா, 32 பிட். நம் துறைக் கணிப்பொறியிலோ 64 பிட் விண்டோஸ் 7. குறுவட்டை இட்டதும் ஆதரிக்கப்படாத இயங்குதளம் என்று ஒரே வரியில் விடை வந்தது. முத்திரை பிரித்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப ஏற்கவில்லை. அவரைக் குறைசொல்லவும் இயலவில்லை; வேண்டிய செய்தியைப் பெட்டி சொல்லித்தான் இருந்தது, படிக்காதவர் நாம். உரைநூலில் ஒற்றுப் பிழைக்குக்கூட மாணவரைக் கடிந்துகொள்ளும் நாம்!

இதன் காரணத்தைப் பின்னர்க் கணிப்பொறித் துறை நண்பர் விளக்கினார். அதை நம் இலக்கணத்தில் சொன்னால் எளிதில் விளங்கும். இயங்குதளம் நிலைமொழி, புறக்கருவி வருமொழி. 'பல' என்பதனோடு 'ஐ' நேரே புணராது; இடையே 'வற்று' என்னும் சாரியை வந்து 'பலவற்றை' ஆகிறது. மரத்தோடு சேரும்போதோ 'அத்து' வந்து 'மரத்தை' ஆகிறது. உருபு ஒன்றே, நிலைமொழிக்கேற்பச் சாரியை வேறு. கருவிக்கும் இயங்குதளத்துக்கும் இடையே அத்தகைய சாரியையாய் நிற்பதுதான் இயக்கி எனப்படும் நிரல். 64 பிட் விண்டோஸில் 32 பிட்டுக்கெழுதிய பயன்பாட்டு நிரல்கள் பெரும்பாலும் ஓடும். ஆனால் இயக்கிகள் இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே நுழைந்து வேலை செய்பவை. அங்கே 32 பிட் இயக்கிக்கு இடமில்லை. போதாக்குறைக்கு விஸ்டா காலந்தொட்டு, 64 பிட் விண்டோஸில் அங்கே நுழையும் இயக்கி மின்னொப்பம் பெற்றதாயும் இருத்தல் வேண்டும். தயாரிப்பாளர் புதிய இயக்கியை எழுதித் தந்தாலன்றிப் பழுதற்ற கருவியும் வெறும் பெட்டியே. நாம் வாங்கிய வருடிக்கு அவர்கள் எழுதித் தரவில்லை.

விசைப்பலகை, சுட்டெலி, விரல்நுனி நினைவகம் முதலியவற்றுக்கு இத்தொல்லை அரிது. அவ்வினத்துக்கெல்லாம் பொதுவான இயக்கி இயங்குதளத்திலேயே உண்டு. அச்சுப்பொறியும் வருடியும்தாம் பெரும்பாலும் தத்தம் இயக்கியைக் கேட்டுப் பிடிவாதம் செய்பவை. இன்று தனி இயக்கியின்றி அச்சிடும் அச்சுப்பொறிகள் பெருகியிருப்பது ஆறுதல். எனினும் பழையது ஒழியவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. அடுத்துள்ள விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 32 பிட் விண்டோஸ் 10-ஐ வைத்துப் பழைய அச்சுப்பொறியை ஓட்டிவந்த அலுவலகங்கள், புதுக் கணிப்பொறி வாங்குமுன் அந்த அச்சுப்பொறிக்கு 64 பிட் இயக்கி உண்டா என்று தயாரிப்பாளர் தளத்தில் பார்த்துக்கொள்வது நன்று. இப்போதெல்லாம் நம் துறைக்கு விலைப்புள்ளி கேட்கும் தாளில், கருவியின் பெயருக்கு முன்பே நம் இயங்குதளத்தின் பெயரையும் பதிப்பையும் பிட்டையும் எழுதிவிடுகிறோம். அலுவலக எழுத்தர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

ஏடு என்னாயிற்று என்று கேட்பீர்கள். இயக்கியைத் தேடி ஐந்து நாள் அலைந்தோம். எஞ்சிய இரண்டிரவும் விழித்திருந்து கையாலேயே பெயர்த்தெழுதினோம். 14 பக்கங்கள் முடிந்தன. வெள்ளியன்று காலை பெரியவர் வந்தார். "முடிஞ்சுதா, தம்பி?" என்றார். எவ்வளவு என்று சொல்ல நா எழவில்லை. ஏட்டைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு திங்கள் கழித்து, அலமாரிமேல் தூசடைந்து கிடந்த வருடியை இளங்கலை மாணவர் ஒருவர் கண்டார். தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி அவரிடம் இருந்தது. அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் இந்திய இயங்குதளமும் இருந்தது. "இதுல போட்டுப் பார்க்கட்டுமா ஐயா?" என்று கம்பியைச் செருகினார். குறுவட்டு கேட்கவில்லை, ஒப்பம் கேட்கவில்லை. உலகெங்கும் தன்னார்வலர்கள் எழுதிச் சேர்த்த சேன் என்னும் வருடி இயக்கித் தொகுப்பு அதனுள் இருந்ததாம். விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கடியில் ஒளிக்கோடு மெல்ல நகர்ந்தது.

"எதை வைக்க ஐயா?" என்றார் மாணவர். நாம் கையால் எழுதிய 14 பக்கங்களை எடுத்துக் கொடுத்தோம்.