கூரை ஏறுகிறவருக்கு ஒரு கேள்வித்தாள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 1960-களில் எழுந்த பட்டறைகள் பலவற்றில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். அப்படி ஒரு பட்டறையில் பழையதைக் கழற்றிவிட்டுக் கலர் ஷீட் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. வெயில் ஏறிவிட்டால் ஷீட்டில் கை வைக்க முடியாது என்பதால் விடிந்ததுமே ஏறிவிடுகிறார்கள். டீ வந்ததும் எல்லாரும் இறங்கினார்கள். ஹெல்பர் தம்பி ஒருவர் மட்டும் பையிலிருந்து ஒரு கைடை எடுத்துப் பிரித்தார். எர்த்திங், ஃபியூஸ், மெகர் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி பதில். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்குப் படிக்கிறாராம்.

"ஷீட் வேலை செய்றவருக்கு எதுக்குத் தம்பி ஒயரிங் பரீட்சை?"

"இப்போ மாடிக்கு மாடி சோலார் போடுறாங்க சார். ஸ்ட்ரக்சர் நிறுத்துறது நாங்க. ஒயர் இழுக்க சர்ட்டிபிகேட் உள்ள ஆள் தனியா வர்றாரு. அது என்கிட்டயே இருந்தா கூலியே வேற."

அவர் போட்ட கணக்கு சரிதான். ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்தகடு என்ற இலக்கோடு ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கியது. கூரை ஏறத் தெரிந்தவருக்கு மின்வேலையும் தெரிந்தால் கிராக்கி கூடும். தமிழக அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் இந்தத் தேர்வை எழுத 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒயரிங்கில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். அதிகபட்ச வயது வரம்பு கிடையாது. அனுபவசாலிக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும் நல்ல ஏற்பாடு.

அதே தம்பி தினமும் செய்யும் கூரை வேலைக்கு? தேர்வும் இல்லை, உரிமமும் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. அதில் பதிந்தால் உதவித்தொகைகள் கிடைக்கும். கைத்திறனைச் சோதிப்பது அதன் வேலையல்ல. பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் முன்அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தருகிறார்கள். அது கட்டாயமில்லாததால் வேலை கொடுப்பவர் யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் கூரை ஒப்பந்ததாரருக்கென்றே 'சி-39' என்று தனி உரிமம் உண்டு. கடந்த 10 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும்; சட்டமும் வியாபாரமும் ஒரு தாள், தொழில் ஒரு தாள் எழுதித் தேற வேண்டும்.

மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை என்று கூரை கூரையாக ஏறியவர். "நீங்க கேள்வித்தாள் தயாரிச்சா என்ன கேப்பீங்க?" என்றேன். சிரித்தார். பிறகு ஒரு கேள்வியைப் போட்டார். அது ஒன்றோடு நிற்கவில்லை.

"முதல் ஷீட்டை எந்த மூலையில வைக்கணும்? கன்னி மூலையில ஆரம்பிச்சு ஈசானி மூலையில முடிக்கணும். வாஸ்துன்னு நெனைப்பாங்க. அது இல்ல சார், காத்து." நமக்குப் பெருமழை வடகிழக்கிலிருந்து வருகிறது. தென்மேற்கிலிருந்து ஷீட் போட்டுக்கொண்டு போனால், ஒவ்வொரு புது ஷீட்டும் முந்தையதன் மேல் ஏறி உட்காரும். ஓவர்லேப்பின் வாய் காற்றுக்கு முதுகு காட்டும். சாரல் உள்ளே புகாது.

அடுத்தது ஸ்க்ரூ. மேட்டில் அடிப்பதா, பள்ளத்தில் அடிப்பதா? தண்ணீர் ஓடுவது பள்ளத்தில், ஆகவே மேட்டில். ஒரு ஸ்க்ரூவை இறக்கிக் காட்டினார். வாஷரின் கருப்பு ரப்பர் ஓரத்தில் இம்மியளவு பிதுங்கியதும் மெஷினை நிறுத்திவிட்டார். இன்னும் ஒரு சுற்று விட்டால் ரப்பர் கிழியும், ஒரு சுற்று குறைந்தால் ஒழுகும். துளையைச் சுற்றிச் சிதறிய இரும்புத் துகளைக் கையோடு துணியால் துடைத்தார். விட்டுவைத்தால் முதல் மழைக்கே துரு பிடித்து ஷீட்டைத் தின்னும்.

"ஷீட் மூணரை அடி அகலம். மூடுறது எவ்வளவு? மூணேகால் அடிதான். இது தெரியாம ரேட் பேசினவன் கைக்காசு போட்டுத்தான் வேலைய முடிப்பான்." இது ஒப்பந்ததாரருக்கான கேள்வி.

"புயல் வந்தா ஷீட் ஏன் போகுது? காத்து அமுக்குறதால இல்ல, மேல இழுக்குறதால. அதனால ஓரத்துலயும் ரிட்ஜ்லயும் ஸ்க்ரூ நெருக்கி அடிக்கணும்." இந்தியத் தர நிர்ணயப்படி சென்னையில் கட்டடங்களுக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அந்த வேகத்தை எட்டாமலே இந்தப் பக்கத்து ஷீட்டுகளைப் பிய்த்தெறிந்தது.

கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது அவர் சிரிக்கவில்லை. "ஆஸ்பெஸ்டாஸ் மேல கால் எங்க வைக்கணும்?" நாலரை அடிக்கு ஒன்றாகக் கீழே பர்லின் ஓடும். போல்ட் வரிசையைப் பார்த்து அதன் மேலேயே பலகை போட்டு நடக்க வேண்டும். நடுவில் கால் வைத்தால் ஷீட் உடைந்து ஆளோடு உள்ளே போகும். அதைவிட மோசம், வெளிச்சத்துக்காக இடையிடையே போட்டிருக்கும் லைட் ஷீட். வருஷக்கணக்கில் தூசியும் புகையும் படிந்து மற்ற ஷீட்டின் நிறத்துக்கே வந்துவிடும். மேலே நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் ஏறுவதற்கு முன் பட்டறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்து, வெளிச்சம் கசியும் இடங்களைக் குறித்துக்கொள்கிறார்.

1998-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் மத்திய விதிகளில் சரிவான கூரை வேலைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. தவழ்ந்து செல்லும் பலகை எப்படி இருக்க வேண்டும் என்றுகூட அதில் எழுதியிருக்கிறார்கள். மேஸ்திரி அந்த விதியைப் படித்தவரில்லை. விதி சொல்வதை அவருடைய கால் அறிந்திருக்கிறது. ஆனால் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனின் கால் அறியாது. அடிபட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், இந்தத் தொழிலில் அடி என்பது இருபதடி உயரத்திலிருந்து விழுவது.

மேஸ்திரிக்குப் பரீட்சை மேல் ஒரு பயமும் இருக்கிறது. "எழுதச் சொன்னா எங்க ஆளுங்க பாதிப் பேரு தேற மாட்டாங்க சார். காசு குடுத்துக் காகிதம் வாங்குறவன் தேறிடுவான்." நியாயமான பயம். அதற்கு வழி, தேர்வைத் தாளிலிருந்து கூரைக்கு மாற்றுவது. தரையிலிருந்து ஆறடி உயரத்தில் ஒரு மாதிரிக் கூரை, பத்து ஷீட், ஒரு பெட்டி ஸ்க்ரூ, ஒரு சேஃப்டி பெல்ட், தமிழில் வாய்மொழிக் கேள்விகள். இதற்கு அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் ஒரு மூலை போதும். கேள்வி கேட்க இந்த மேஸ்திரி போன்றவர்களையே உட்கார வைக்கலாம். ஒயரைத் தொட அனுபவமும் சான்றும் கேட்கும் அரசு, உயரத்தில் ஏறவும் கேட்கத்தான் வேண்டும்.

அது வரும்வரை பொறுப்பு வேலை கொடுக்கும் நம்மிடம்தான். மாடியில் ஷீட் போட ஆள் கூப்பிட்டால், சதுர அடி என்ன விலை என்று கேட்பதற்கு முன், கயிறும் பெல்ட்டும் பலகையும் கொண்டுவருவீர்களா என்று கேளுங்கள். அதற்கான கூலியையும் சேர்த்தே பேசுங்கள்.