கதவோரத்துச் சிறுவன்

குருமடத்தில் பயின்ற நாட்களில், திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் விடுத்த தொழிலாளர் சுற்றுமடலைத் தேர்வுக்காகக் கற்றேன். நிலத்தடியில் நிலக்கரி எடுப்போருக்கு, அவர்தம் உழைப்பின் கடுமைக்கேற்ப வேலைநேரம் குறைய வேண்டுமென்று அதில் அவர் வலியுறுத்துகிறார். மதிப்பெண் பெற்றேன், மறந்தும் போனேன்.

அவ்வரிக்கு முகம் தந்தவை சில மரச்செதுக்குப் படங்கள். இங்கிலாந்தின் சுரங்கங்களில் உழைத்த குழந்தைகளைப் பற்றி விசாரித்த ஆணைக்குழு, 1842-இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ளவை அவை. மரக்கட்டையில் கோடுகளை மட்டும் மேடாக விட்டு, ஏனையவற்றைச் செதுக்கி நீக்கி, மை தடவி அச்சிட்ட எளிய படங்கள். கலைநுணுக்கம் தேடுவோர் ஏமாறுவர். ஆயினும், இடுப்பில் சங்கிலி பூட்டித் தவழ்ந்தவாறே கரிவண்டி இழுக்கும் பிள்ளையைக் கண்டு, நீண்ட அறிக்கையைப் படிக்கப் பொறுமையற்றோரும் திடுக்கிட்டனர். பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவரையும் சுரங்கத்தினுள் அமர்த்தலாகாதென அவ்வாண்டே சட்டம் பிறந்தது. (கூலியிழந்த அப்பெண்கள் எவ்வாறு பிழைப்பர் என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை.)

சென்ற தவக்காலத்தில், வீரகேரளம்புதூரில் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்கு அவற்றுள் ஒன்றைக் காட்டினேன். சுரங்க வழியில் ஒரு மரக்கதவு. அருகே இருளில் தனியே ஒரு சிறுவன். கதவு திறந்தே கிடந்தால் காற்றோட்டம் கெட்டு நச்சு வாயு சேரும். ஆதலால், வண்டி வரும்போது மட்டும் கயிற்றை இழுத்துத் திறப்பதே நாள் முழுதும் அவன் வேலை. இதற்கு ஐந்து, ஆறு வயதினரையும் அமர்த்தினர்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கயிற்றைச் சுட்டிக்காட்டி, “சாமி, இவனும் நூல் சுத்துதானா?” என்றாள்.

பீடிக்கு நூல் சுற்றுவதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. இப்பகுதியில் பீடித்தட்டு இல்லாத தெரு அரிது. அதை நாள்தோறும் கடந்து செல்பவன் நான். இச்சிறுமி மாலை வகுப்புக்கு ஏன் வருவதில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் அவள் இல்லம் சென்றேன். “ஆயிரம் சுத்தினாத்தான் முழுக்கூலி சாமி. இவ நூல் கட்டித் தரலேன்னா நடுராத்திரி ஆயிரும்” என்றார் தாய், தட்டிலிருந்து கண்ணெடுக்காமல். சட்டம் பேசச் சென்ற நான், மேலே அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிய பெண்களை நினைத்து வாளாவிருந்தேன்.

இப்போது ஆலய முற்றத்தில் மாலை 6 மணிக்கு வகுப்பு நடத்துகிறோம். வாரத்தில் மூன்று நாள் வருகிறாள்.