பீம்என்ஜிக்கு எந்த பிராசஸர்?

கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் பீம்என்ஜி என்ற கார் விளையாட்டு திக்காமல் ஓடுமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஓடாது தம்பி, முதலில் பிராசஸரைப் பாருங்கள்.

ஜெர்மனியின் பிரெமன் நகரில் உருவாகும் இந்த விளையாட்டில் கார் என்பது வெறும் பொம்மைப் படம் இல்லை. நூற்றுக்கணக்கான புள்ளிகளும் அவற்றைப் பிணைக்கும் கம்பிகளும் சேர்ந்த எலும்புக்கூடு. சுவரில் மோதினால் எந்தக் கம்பி வளையும், எது முறியும் என்று நொடிக்கு 2000 முறை கணக்குப் போடுகிறது. எனக்கு இது இன்றைக்கும் பிரமிப்புதான். அந்தக் கணக்கு முழுக்க பிராசஸரின் தலையில். கிராபிக்ஸ் கார்டு அதை வரைந்து காட்டுகிறது, அவ்வளவே.

ஒவ்வொரு வண்டியின் கணக்கும் தனித் திரெட்டில் ஓடும். ஒற்றைக் காரை மலைப்பாதையில் ஓட்டுபவருக்கு ஒரு கோரின் வேகம் போதும். சாலை நிறைய டிராஃபிக்கை இறக்கினால்தான் கோர்களின் எண்ணிக்கை முக்கியமாகிறது. 4 கோர் பிராசஸர் அங்கே மூச்சு வாங்கும்.

லேப்டாப் என்றால் சூட்டையும் யோசியுங்கள். சூடேறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

டெஸ்க்டாப்புக்கு 8 கோர், 16 திரெட் கொண்ட ரைசன் 7 7700 போன்ற ஒன்றை எடுங்கள். பணம் மிஞ்சினால் மட்டும் கார்டு பக்கம் போங்கள்.