பாவும் ஊடையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஊர் ஆரணி. மகப்பேறு வேண்டித் தசரத சக்கரவர்த்தி வேள்வி செய்த தலம் என்று போற்றப்படும் புத்திரகாமேட்டீஸ்வரர் திருக்கோயில் இவ்வூரின் புதுக்காமூரில் உள்ளது. சற்றுத் தொலைவில், படவேட்டில் ரேணுகாம்பாள் அருள்பாலிக்கிறாள். தெருக்களில் பட்டுத்தறிகளின் ஓசை. ஊரைச் சூழ அரிசி ஆலைகள். பிறர் உடுக்கவும் உண்ணவும் உழைக்கும் ஊர் இது.

தறியில் அமர்பவர் ஒருவரே எனினும், பட்டுச்சேலை ஒருவர் கையால் மட்டும் உருவாவதில்லை. குழிக்குள் கால்களை இறக்கிக் கணவர் மிதியை மிதித்து நாடாவை ஓட்டுவார். மனைவி ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பார். அறுந்த இழையை முடிந்து தருவார். பாவு நீளமாக நிற்க, ஊடை குறுக்கே ஓடி அதனைத் தழுவும்போதுதான் இழை துணியாகிறது. இல்லறமும் அவ்வாறே.

இவ்வூரில் அறுபதைக் கடந்த நெசவுத் தம்பதியர் ஒருவர் உண்டு. மணமாகி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் சென்றுவிட்டனர். அம்மையாருக்குச் சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஆயினும் சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம் என்று எந்த விரதத்தையும் அவர் விட்டதில்லை. ஒரு சஷ்டியன்று காலை, ராட்டையின் அருகிலேயே வியர்த்து நடுங்கிச் சரிந்தார். கணவர் தறியை விட்டு எழுந்து ஓடினார். மருத்துவமனையில் இரத்தச் சர்க்கரை அளவு 70க்கும் மிகக் கீழே இருந்தது. “நேற்றிரவு அம்மா என்ன சாப்பிட்டார்கள்?” என்று மருத்துவர் கேட்டார். கணவரால் விடை கூற இயலவில்லை. நாற்பது ஆண்டுகளாக அவர் உண்டு எழுந்த பின்னரே மனைவி அமர்ந்திருக்கிறார். அவர் என்ன உண்கிறார், எவ்வளவு உண்கிறார் என்பதைக் கணவர் ஒருநாளும் கண்டதில்லை.

சில வகைச் சர்க்கரை மாத்திரைகளை விழுங்கிவிட்டு உணவைத் தவிர்த்தால், இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகச் செய்து, கால் மணி நேரத்தில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வீடு திரும்பியதும், “இனி விரதம் வேண்டாம்மா” என்றார் கணவர். “உங்க கண் ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்ட சஷ்டிங்க. எப்படி விடுறது?” என்றார் அம்மையார். தமக்காகவே ஓர் உயிர் பட்டினி கிடந்தது என்று அறிந்தபோது கணவரின் கண்கள் கலங்கின. இருவரும் கோயில் குருக்களிடம் சென்றனர். நீர், கிழங்கு, கனி, பால், நெய், மருந்து ஆகியவற்றால் விரதம் கெடுவதில்லை என்று மகாபாரதத்தில் விதுரர் திருதராட்டிரனுக்கு உரைத்திருப்பதை அவர் எடுத்துக் கூறினார். “முருகன் கேட்பது உங்கள் மனசைத்தான் அம்மா, மயக்கத்தை இல்லை” என்றார்.

இப்போது சஷ்டி நாட்களில் அம்மையார் மருத்துவர் மாற்றித் தந்த அளவின்படி மருந்து கொண்டு, நேரம் தவறாமல் பாலும் பழமும் பயறுச் சுண்டலும் உண்கிறார். மற்ற நாட்களில் இருவரும் ஒன்றாகவே அமர்கின்றனர். பரிமாறுவதில் கணவரும் பங்கு கொள்கிறார். ஆரணி அரிசிச் சோறு இலையில் குறைந்தது. கீரையும் காயும் பருப்பும் கூடின. முதுமையில் தசை மெலியும். அதற்குப் பருப்பு, பயறு, தயிர் துணை. எலும்பு தேயும்; அதற்குக் கேழ்வரகு துணை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆடி மாதத்தில் அம்மனுக்கு வார்க்கும் கூழ் எளியோர் உணவு மட்டுமன்று. முதியோர்க்கு ஏற்றதும் ஆகும். எனினும் கூழும் சர்க்கரையை உயர்த்தும், அளவு வேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் அப்பளமும் அக்கணக்கில் சேரும்.

வாரத்துக்கு 150 நிமிட நடையேனும் வேண்டும் என்பதும் அந்நிறுவனத்தின் அறிவுரையே. வாரத்தில் ஐந்து நாள் கோயிலுக்குச் சென்று அரை மணி நேரம் வலம் வந்தால் அது நிறைவேறும். ஆனால் சர்க்கரை நோயாளியின் பாதம் சூட்டை உணராமல் போகலாம். உச்சி வெயிலில் பிராகாரக் கல் பாதத்தைச் சுட்டுவிடும். ஆதலின் காலையோ மாலையோ செல்வது நன்று. இத்தம்பதியர் மாலையில் செல்கின்றனர். வீடு திரும்பியதும் மனைவியின் பாதங்களில் காயம் உண்டா என்று கணவர் பார்க்கிறார். தொடக்கத்தில் கூசிய அம்மையார் இப்போது தாமே பாதத்தை நீட்டுகிறார்.

தில்லையில் வாழ்ந்த திருநீலகண்ட நாயனாரும் அவர்தம் மனைவியாரும் ஓர் ஆணையால் ஒரே வீட்டில் தீண்டாது வாழ்ந்து முதுமை எய்தினர். இறுதியில் ஒரு மூங்கில் கோலின் இரு முனைகளைப் பற்றிக் குளத்தில் மூழ்கி, இறையருளால் இளமையுடன் எழுந்தனர். அறுபத்து மூவருள் நெசவுத் தொழில் செய்தவர் நேச நாயனார். சிவனடியார்க்கு ஆடையும் கீளும் கோவணமும் நெய்து அளித்ததே அவர் தொண்டு. அன்பையே பெயராகக் கொண்டவர் அவர்.

குளத்தில் மூழ்கி இளமை பெறும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால் ஒருவர் உண்டாரா என்று மற்றவர் கேட்பதற்கும், ஒன்றாய் அமர்ந்து உண்பதற்கும், கோயிலுக்குக் கைகோத்து நடப்பதற்கும் எந்த வயதும் தடையன்று. இறைவன் உறையும் உடலைப் பேணுவதும் வழிபாடே. துணையின் உடலைப் பேணுவது அதனினும் உயர்ந்த வழிபாடு.