தூக்கிய கால்

கிரிக்கெட்டில் எனக்குப் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் ஒரு கிரிக்கெட் படத்தைப் பார்த்தால் மட்டும் கண்ணை எடுக்க மனம் வருவதில்லை. ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் விக்டர் டிரம்பர், ஸ்டம்புகளை அநாதையாக விட்டுவிட்டு முன்னால் பாய்கிறார். முன்கால் இன்னும் தரையைத் தொடவில்லை. மட்டை பின்னால் ஓங்கியிருக்கிறது. அடித்தாரா, கோட்டை விட்டாரா? படம் சொல்லாது.

1905இல் லண்டன் ஓவல் மைதானத்தில் அதைப் பிடித்தவர் ஜார்ஜ் பெல்டாம். அவரே மிடில்செக்ஸ் அணிக்கு ஆடியவர். அந்நாளில் ஆட்டக்காரர் படம் என்றால், மட்டையை ஊன்றிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பதுதான் வழக்கம். பெல்டாமுக்கு அது போதவில்லை. ஆடத் தெரிந்தவர் அல்லவா? எந்த நொடியில் உடம்பு பேசும் என்று அறிந்திருந்தார். அதே ஆண்டு, சக ஆட்டக்காரர் சி. பி. ஃப்ரையுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட புத்தகத்தில் 600 படங்கள். நம் ரஞ்சித்சிங்ஜியும் அதில் உண்டு.

விஷயம் தெரிந்தவர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள்: “அது நிஜப் பந்தயத்தில் எடுத்ததல்ல, ஐயா! படத்துக்காக ஆடிக் காட்டியது!” வாஸ்தவம். எல்லைக் கோட்டுக்கு வெளியே இருந்துகொண்டு அத்தனை நுட்பமாகப் பிடிக்க அந்தக் காலத்துக் காமிராவால் ஆகாது. ஆகவே கிட்டே போய், ஆடச் சொல்லி எடுத்தார். கதை எழுதிப் பிழைக்கிற நான் அதைப் பொய் என்று சொல்லலாமா? பந்தயம் இல்லாமல் இருக்கலாம். அந்தப் பாய்ச்சல் டிரம்பருடையது. இன்னொருவருக்கு வராது.

முகம் மட்டும் மிஞ்சினால் ஆள் மிஞ்சியதாகாது. எங்கள் கூடத்தில் அப்பாவின் படம் இருக்கிறது. ஸ்டூடியோவில் எடுத்தது. படிய வாரிய தலை, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, எல்லாம் சரி. ஆனால் வேஷ்டி நுனியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு தோளைச் சாய்த்து விடுவிடென்று வருவாரே, அந்த நடை அதில் இல்லை. தாத்தா எப்படி நடப்பார் என்று பிள்ளை கேட்டால், நானே எழுந்து நடந்து காட்டுகிறேன். அதுவும் வேஷம்தான். ஆனால் அம்மா, “அப்படியே அவர்தான்” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள்.

டிரம்பர் 1915இல், 37 வயதில், சிறுநீரக நோயால் காலமானார். அவர் எப்படி இருந்தார் என்று காட்ட வேறு படங்கள் உண்டு. எப்படி ஆடினார் என்று கேட்பவர்களுக்கு, தூக்கிய அந்தக் காலைத்தான் இன்றும் காட்டுகிறார்கள்.