மொட்டை மாடிக்கு ஒரு தனிக் கணக்கு

அக்டோபர் 5

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது; சென்னையில் கொத்தனார் கிடைப்பது இனி கஷ்டம். வீட்டுக்காரர்கள் வாடகை வருமானம் என்று எண்ணும் தொகையில் ஒரு பங்கு வருமானமே அல்ல, கட்டடத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி என்பதே என் எண்ணம். ஒழுகினால் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் தளத்துக்குள் நடப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. தட்டோடுகளின் இடுக்கில் பூச்சு விட்டுப்போன இடத்திலும், கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலையிலும் நீர் இறங்குகிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது. கூரையில் மஞ்சள் கறை தெரிவதற்குள் கம்பி இளைக்கத் தொடங்கியிருக்கலாம். கடற்கரையோரப் பகுதிகளில் உப்புக்காற்று இதை இன்னும் விரைவுபடுத்தும். ஓடு மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, காரையைக் கொத்திக் கம்பியைச் சுத்தம் செய்து பூசும் வேலையாக வளர்வது இப்படித்தான்.

அக்டோபர் 8

ஆயிரம் சதுர அடி மாடியில் பழைய ஓட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்க, சதுர அடிக்கு 150 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,50,000. பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை என்றால் மாதம் 833 ரூபாய்தான். ஆனால் விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அதே வேலைக்கு அன்று ஏறத்தாழ 3,60,000 ஆகும். மாதம் 2,000 ஒதுக்க வேண்டும். தொடர் வைப்பில் போட்டால் வட்டி ஓரளவு ஈடுகட்டும். குழாயும் வயரிங்கும் இதில் சேரவில்லை.

வருமான வரிச் சட்டமே இதற்கு இடம் வைத்திருக்கிறது. சொத்து வரி போக மீதியுள்ள ஆண்டு வாடகையில் 30 சதவீதத்தை, செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், கழித்துக்கொள்ளலாம். மீதி 1,70,000 என்றால் கழிவு 51,000. அதில் பாதியைத் தனிக் கணக்கில் போட்டாலே மாடிக்குப் போதும். வரியில் கழிவு வாங்கிக்கொண்டு தளத்துக்கு எதுவும் வைக்காமலிருப்பது நியாயமாகப் படவில்லை.

அக்டோபர் 11

வாடகையை நம்பியே மாதத்தை ஓட்டும் முதியவர்கள் எப்படி ஒதுக்குவார்கள் என்ற கேள்வி வலுவானது. மருந்துச் செலவுக்கு முன்னால் மாடி நிற்காது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒழுகும் வீடு காலியாகக் கிடந்தால் அந்த வாடகையும் நின்றுவிடும், அதைத் தாங்க முடியாதவர்களும் அவர்களே. மாதம் ஐந்நூறு ரூபாயிலாவது அவர்கள் தொடங்கட்டும். மழைக்கு முன் நீர் போகும் வாயில் அடைத்த சருகை அள்ளிப்போடக் காசு ஆகாது.

அட்வான்ஸ் இருக்கிறதே என்பது இன்னொரு பதில். இதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் கட்டமைப்புப் பழுதுகளை உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது, குடியிருப்பவரால் நேர்ந்த சேதம் மட்டும் விலக்கு. அட்வான்ஸோ குடியிருப்பவரின் பணம். அதை மாடியில் கொட்டிவிட்டால், அவர் வீட்டைக் காலி செய்யும் மாதத்தில், வெள்ளையடிக்கவும் பணம் தேவைப்படும் அதே நேரத்தில், கடன் வாங்கித்தான் திருப்பித் தர வேண்டியிருக்கும்.